யாப்பு

ஏழாம் பிரிவில் பேனை நின்றுவிட்டது.
"தலைவரின் அதிகாரங்கள்" என்று அச்சடித்து
கீழே நான்கு கோடுகள்.

பழைய யாப்பு எங்கே என்று கேட்டேன்.
இரணைப்பாலை வரைக்கும் கொண்டு போனார்களாம்,
உரப்பையில், காணிப் பெர்மிற்றுகளோடு.
அதற்குப் பிறகு எது எங்கே விழுந்தது
என்று கேட்கிற வழக்கம் இங்கே இல்லை.
நானும் கேட்கவில்லை.
அதுவும் ஒரு சட்டம் என்று
அன்றைக்கு எனக்குத் தெரியாது.

திணைக்களத்தின் மாதிரிப் படிவம் என் கோவையில்.
வெற்றிடம் நிரப்பினால் போதும்,
கருங்காலிமோட்டைக் குளத்துக்குக்
கமக்காரர் அமைப்பு மறுபடி உண்டாகிவிடும்.
நாலு வருடம் அது இல்லாமலே
வாய்க்கால் வெட்டி, வேலி அடைத்து,
துருசு திறந்து பூட்டினார்கள்
என்று எழுத ஒரு கோடும் இல்லை.

கேட்டுக் கேட்டு எழுதினேன்.
பங்குனியில் எட்டடிக்குக் குறைந்தால்
சிறுபோகம் இல்லை, மிச்சம் மாட்டுக்கு.
தண்ணீர் காணாத வருடம்
கடைசி வாய்க்கால்காரனுக்கும் துருசடியில் ஒரு துண்டு,
அந்தப் போகத்துக்கு மட்டும்,
பெர்மிற் யார் பேரில் இருந்தாலும்.
செத்தவீட்டுக்காரனின் வயலுக்கு
அவனோடு கதை பேச்சு இல்லாதவன்தான்
முதல்நாள் தண்ணீர் கட்டவேண்டும்.
"இதெல்லாம் எத்தனையாம் பிரிவு?"
சின்னக்கிளியர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு
"அது... அப்பிடித்தான்" என்றார்.

யாத்தல் என்றால் கட்டுதல்.
அசை, சீர், தளை என்று பள்ளியில் படித்ததும் யாப்பு,
அரசுக்கும் அதே சொல்.
நாட்டின் பெரிய யாப்பு எழுதித்தான் இருக்கிறது,
திருத்தத்தின் மேல் திருத்தமாக.
மனப்பாடம் செய்திருக்கிறேன், பரீட்சைக்கு.

தவமலர் பின் கதிரையில் இருந்து கேட்டார்:
"என்ர முறைத் தண்ணிக்காவலுக்கு
ஏன் என்ர மச்சானைக் கூப்பிடுறியள்?"
பொம்பிளையள் துருசடிக்குப் போறதில்லை.
"எங்க எழுதியிருக்கு?"
எழுதேல்லை.
"எழுதியிருந்தா வெட்டிப்போட்டு ஒப்பம் வைச்சிருப்பன்.
எழுதாததை எதால வெட்டுறது?"
நான் கோவையைப் புரட்டுவதுபோல் இருந்தேன்.

பிறகு வாக்கெடுப்பு.
குளத்தில் ஏழடி.
துருசு திறப்போம், விதைப்போம் என்றார்
புதுத் தலைவர் பரராசசிங்கம்;
விதைநெல்லுக்குக் கடன் எடுத்திருந்தார், பாவம்.
ஆதரவு முப்பத்தொன்று. எதிர் ஒன்பது.
நிறைவேறியது என்று வடிவாக எழுதினேன்.

மேசையில் துருசுத் திறப்பு,
ஒரு முழ இரும்பு.

ஒருவரும் எழும்பவில்லை.
தேத்தண்ணி ஆடை கட்டியது.
பரராசசிங்கம் எடுத்திருக்கலாம்,
ஏழாம் பிரிவு அப்படித்தான் சொல்லப்போகிறது.
அவருடைய கை மேசைவரை வந்து
பிடரியைச் சொறியத் திரும்பிப் போனது.
உயர்ந்த முப்பத்தொரு கையில்
ஒன்றும் நீளவில்லை.

வெளியே ஒரு லாண்ட்மாஸ்ரர் நின்று போகும் வரை
அப்படியே இருந்தோம்.

தவமலர்தான் எழும்பினார்.
திறப்பை எடுத்தார், துருவைத் துடைத்தார்,
சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு
குளக்கட்டால் வீட்டுக்குப் போனார்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
சம்மதமா, திகைப்பா, வெட்கமா,
கூட்டக்குறிப்பில் அதற்கு இடமில்லை.
அந்தச் சிறுபோகம் விதைக்கவில்லை.
பரராசசிங்கத்தின் கடனுக்கு என்ன வழி என்று
எந்த வழக்கமும் சொல்லவில்லை.

படிவம் திரும்பி வந்தது:
ஏழாம் பிரிவு பூரணமில்லை.
மாதிரியில் இருந்ததைப் பார்த்தெழுதி அனுப்பினேன்.

அடுத்த மாரியில் குளம் வான் பாய்ந்தது.
துருசு பார்க்க ஒரு பொறியியலாளர் வந்தார்.
திறப்பு யாரிடம் என்று கேட்டார்.
"தவமலரிட்ட" என்றார் சின்னக்கிளியர்.
"ஏன் அவவிட்ட?"

வெற்றிலை ஒரு கன்னத்திலிருந்து
மறு கன்னத்துக்குப் போனது.